தேரைக் கொடுத்தவர் யார்?

மலர்க்குழுவினர் இவ்வாண்டும் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டனர். சீறாப்புராணத்து உவமைகளைப் பற்றியோ குணங்குடியார் பாடல்களைப் பற்றியோ எழுதித் தருவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். சென்ற ஆண்டுகளில் அவ்வாறே எழுதியும் வந்திருக்கிறேன். இம்முறை சாலையைப் பற்றி எழுதுகிறேன். தமிழ்த்துறை மலரில் ஓட்டுநர் உரிமத்துக்கும் தலைக்கவசத்துக்கும் என்ன வேலை என்று மூத்த பேராசிரியப் பெருமக்கள் முகஞ்சுளிக்கக் கூடும். முழுவதும் படித்தபின் அவர்கள் வழங்கும் தீர்ப்பு எதுவாயினும் தலைவணங்கி ஏற்கிறேன்.

நான் குடியிருப்பது படூரில். என் அத்தாவின் ஊர் கோவளம். கல்லூரியில் பயின்ற நாள்களில் கோவளத்திலிருந்து கழிமுகத்தைக் கடந்து கேளம்பாக்கம் வந்து, அங்கிருந்து பேருந்து ஏறுவேன். அன்று இது வெறும் பழைய மாமல்லபுரம் சாலை. இரண்டு பேருந்துகள் எதிரெதிரே வந்தால் ஒன்று மண்ணில் இறங்கி மற்றொன்றுக்கு வழிவிடும். இருமருங்கும் வயல்களும் சவுக்குத் தோப்புகளும் இருந்தன. கேளம்பாக்கத்தை நெருங்குகையில் உப்பளங்களின் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும். சாலையின் முடிவில், மாமல்லபுரத்தில், பல்லவர் செதுக்கிய கல் இரதங்கள் ஐந்து நின்றன, நிற்கின்றன. அவை ஓடாத தேர்களாகையால் எவருக்கும் தீங்கில்லை.

2008ஆம் ஆண்டில் இச்சாலை ராஜீவ் காந்தி சாலை எனப் பெயர் பெற்றது. மத்திய கைலாசத்திலிருந்து சிறுசேரி வரை ஆறு வழித்தடமாயிற்று. சிறுசேரிக்குத் தெற்கே உள்ள எங்கள் படூரிலும் சாலை அகன்று நடுவே தடுப்பு எழுந்தது. அது எழுந்த நாள்முதல் எங்கள் ஊராருக்கு ஒரு புதிய பழக்கம் தோன்றிவிட்டது. எதிர்ப்புறத்துக் கடைக்குச் செல்ல வேண்டுமாயின், இடப்புறமாகவே ஓட்டிச் சென்று, ‘யூ டர்ன்’ என்று மக்கள் வழங்கும் திரும்புமிடத்தில் திரும்பி வரவேண்டும். கண்ணெதிரே தெரியும் கடைக்கு இத்தனை தூரம் சுற்றிப் போவானேன் என்று ஓரமாகவே எதிர்த்திசையில் ஓட்டிச் செல்கிறார்கள். பால்காரர் செல்கிறார், உணவுப் பொட்டலம் கொண்டு செல்லும் இளைஞர் செல்கிறார், குழந்தையை முன்னே நிறுத்திக்கொண்டு தாய் செல்கிறார். கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் நானும் பன்னெடுங்காலம் அவ்வாறே சென்றேன். அதனைப் பிழை என்று எண்ணியதில்லை. ‘ஓரமாகத்தானே போகிறோம்’ என்பது எங்கள் ஊரின் பொதுச் சமாதானம்.

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அரையாண்டுத் தேர்வு விடுமுறை. மஃரிபு தொழுகைக்குச் சற்று முந்திய நேரம். வீட்டிற்கு விருந்தினர் வந்திருந்தனர், பால் போதவில்லை. என் மகனுக்கு அப்பொழுது 16 வயது நிறைந்து இரண்டு மாதங்கள். “அத்தா, நான் வண்டியில போயிட்டு வந்துடறேன், பத்தே நிமிஷம்” என்றான். தெருவுக்குள் அவன் முன்னரே ஓட்டியவன். ஓட்டக் கற்றுக்கொடுத்தவனும் நானே. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். தலைக்கவசம் மாடத்தில் இருந்தது. அதை எடுத்துக்கொள் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

திரும்பி வரும்போது அவன் தந்தை செல்லும் முறையிலேயே வந்தான். ஓரமாக, எதிர்த்திசையில்.

எங்கள் தெருக்களில் கீரை விற்கும் ஓர் ஆயா உண்டு. வயது அறுபதுக்கு மேலிருக்கும். அன்று விற்றுமுடித்து வெற்றுக்கூடையுடன் சாலையைக் கடக்கப் பேருந்து நிறுத்தத்தருகே நின்றிருக்கிறார். வலப்புறம் பார்த்தார். வண்டிகள் வரவேண்டிய திசை அதுதான். அத்திசையில் எதுவும் வரவில்லை. காலை எடுத்து வைத்தார். எந்த வண்டியும் வரக்கூடாத இடப்புறத்திலிருந்து என் மகன் வந்தான்.

கீழே விழுந்ததில் ஆயாவின் வலது மணிக்கட்டு முறிந்தது. மகனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. நான் ஓடிச் சென்றபோது பால் உறை கிழிந்து சாலையில் வெள்ளையாய் வழிந்திருந்தது. அங்கே நின்றவர் எல்லாரும் எங்களை அறிந்தவர்கள். நான் கையை ஓங்கியபோது, கூடையின்மேல் சாய்ந்து அமர்ந்திருந்த அந்த அம்மையார், “பாய், புள்ளைய அடிக்காதீங்க. எங்க வூட்லயும் பசங்க இருக்குதுங்க” என்றார். மருத்துவமனைக்குச் செல்லும் ஆட்டோவில் ஒன்றைமட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார்: “சோத்துக்கைப் பக்கந்தானே வண்டி வரும்? பாத்துட்டுத்தானே எறங்கினேன்?” என்னைக் குறை கூறவில்லை. தாம் ஏதேனும் தவறு செய்துவிட்டோமோ என்று தம்மையே வினவிக்கொண்டார்.

ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார். அந்த ஆறு வாரமும் அவரால் கூடை தூக்க இயலவில்லை. நான் கொடுத்த பணத்தை இங்கே எழுதுவது முறையன்று. காவல் நிலையத்துக்குப் போகவேண்டாம் என்று அவரும் அவருடைய மகனும் கூறிவிட்டனர். சாலை விபத்தை ஓட்டியவர் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். நாங்கள் தெரிவிக்கவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தையும், 2019ஆம் ஆண்டில் அதற்குச் செய்யப்பட்ட திருத்தங்களையும் நான் படித்தது அதன்பிறகே. உரைகளுடன் தொல்காப்பியத்தைப் படிக்கும் பொறுமையோடு படித்தேன். 199அ என்ற பிரிவு வந்தபோது கை நடுங்கிற்று. பதினெட்டு வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், காப்பாளரையும் வண்டியின் உரிமையாளரையும் குற்றவாளியாகவே சட்டம் கருதுகிறது. மூன்றாண்டு வரை சிறை. 25,000 ரூபாய் தண்டம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு நீக்கம். ஓட்டிய சிறுவனுக்கு 25 வயது நிறையும் வரை உரிமம் கிடையாது. எனக்குத் தெரியாமல் நடந்தது, நான் தடுக்க முயன்றேன் என்று காப்பாளர் மெய்ப்பித்தால் விலக்கு உண்டு. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தவன் அதை எவ்வாறு மெய்ப்பிப்பது?

பதினாறு வயதிலேயே ஓட்டலாம் என்றுதானே கேள்விப்பட்டோம் என்பார் உளர்; நானும் அவருள் ஒருவன். 50 சி.சி.க்கு மேற்படாத எஞ்சின் கொண்ட வண்டிக்கு மட்டுமே அந்தச் சலுகை. அதற்கும் உரிமம் பெறவேண்டும். நம் வீடுகளில் நிற்கும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110 சி.சி. அளவினவாகையால் அந்தச் சலுகை அவற்றுக்கு இல்லை. காப்பீடு இருக்கிறதே என்ற எண்ணமும் பாதி உண்மைதான். உரிமமில்லாதவர் ஓட்டிய வண்டியால் நேர்ந்த இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்தாலும், அதை உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலிக்க வழியுண்டு.

அந்த அம்மையார் ஒரு சொல்லால் எங்களுக்கு விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று அன்றிரவு கணக்கிட்டேன். மகனின் வாழ்வில் பல ஆண்டுகள், என் வேலை, என் பெயர். இவை தம் கையில் இருந்தன என்பதே அவருக்குத் தெரியாது.

சில வாரங்கள் கழிந்து, இளங்கலை இரண்டாமாண்டு வகுப்பில் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை நடத்திக்கொண்டிருந்தேன். பாண்டியன் முன் நின்று தன் ஊரின் பெருமையைக் கூறும் கண்ணகி, கன்றை இழந்த பசுவுக்கு நீதி வழங்கத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனைக் குறிப்பிடுகிறாள். பெரியபுராணம் இவ்வரலாற்றைத் திருவாரூர்ச் சிறப்பில் விரித்துரைக்கிறது. இன்றும் திருவாரூரில் கல்தேர் ஒன்று அதற்குச் சான்றுபோல் நிற்கிறது. இருபது ஆண்டுகளாக இதனை நடத்துகிறேன். அரசநீதி, அறத்தின் வளையாமை, மகனென்று பாராத மாண்பு என்று சொல்லிச் செல்வேன். அன்று கடைசி இருக்கையிலிருந்த மாணவர் ஒருவர் எழுந்தார்.

“ஐயா, அந்த இளவரசனுக்குத் தேரைக் கொடுத்தவர் யார்?”

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஊரில் நடந்தது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நான் மேசைமீதிருந்த புத்தகத்தை மூடினேன். மணியடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. வகுப்பை முடித்துவிட்டு வெளியேறினேன். கன்றுக்காக மகனைத் தண்டித்த அரசனைப் பற்றி எத்தனையோ பேர் வியந்து எழுதியிருக்கிறார்கள். கூட்டம் நிறைந்த வீதியில் தேரோட்ட அவ்விளைஞனுக்கு இசைவளித்தது யார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நம் நாட்டுச் சட்டம் கேட்டிருக்கிறது.

மகனுக்கு 18 வயது நிறைந்ததும் பழகுநர் உரிமம் பெறலாம். நான் இன்னும் ஓராண்டு போகட்டும் என்றேன், அவனும் மறுக்கவில்லை. அந்த ஓராண்டில் இருவரும் இரவுணவுக்குப்பின் சாலை விதிகளைப் படித்தோம். ஒருநாள் பதினைந்து வினாக்கள் எழுதி இருவரும் விடையளித்தோம். அவன் பதின்மூன்று, நான் எட்டு. மாணவப் பருவத்தில் மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டி உரிமம் வாங்கியவன் நான். கால் தரையில் படாமல் எட்டுப் போட்டேன் என்ற பெருமையைத் தவிர, சாலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று அன்று விளங்கிற்று.

சாலைக் குறியீடுகளுக்கு ஓர் இலக்கணம் உண்டு என்பதை அந்த இரவுகளில்தான் கண்டேன். வட்டம் ஏவல். சிவப்பு விளிம்புள்ள வட்டம் விலக்கு: நுழையாதே, முந்தாதே, நிறுத்தாதே. நீல வட்டம் விதி: இவ்வழியே செல். முக்கோணம் எச்சரிக்கை: வளைவு உண்டு, பள்ளி உண்டு, கால்நடை கடக்கும். செவ்வகம் செய்தி: மருத்துவமனை, உணவகம், ஊர்ப்பெயர். இவ்வமைப்பில் அடங்காதவை இரண்டு. ‘நில்’ என்பது எண்கோணம். ‘வழிவிடு’ என்பது தலைகீழ் முக்கோணம். சேறு படிந்து எழுத்து மறைந்தாலும் வடிவத்தால் அறியவேண்டும் என்பதற்காகவே இவ்விரண்டுக்கும் தனிவடிவம். நன்னூலார் பார்த்திருந்தால் நூற்பா செய்திருப்பார்.

நான் தவறவிட்ட வினாக்களுள் ஒன்றைக் கூறுகிறேன். இதைப் படிக்கும் பலரும் தவறவிடக்கூடும். விளக்கும் காவலரும் இல்லாத நாற்சந்தியில் இருவர் ஒரே நேரத்தில் வந்தால் யார் வழிவிட வேண்டும்? பெரிய வண்டிக்குச் சிறிய வண்டி என்று எழுதினேன். நாம் அன்றாடம் பார்ப்பது அதுவே. விதியோ வேறு: தம் வலப்புறமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். வந்தவர் லாரியோ மிதிவண்டியோ, விதிக்குப் பொருட்டன்று. மஞ்சள் விளக்கையும் தவறாகவே எழுதினேன். அது ‘விரைந்து கடந்துவிடு’ என்பதன் அறிவிப்பன்று. பாதுகாப்பாக நிறுத்த இயலாத அளவுக்குக் கோட்டை நெருங்கிவிட்டால் ஒழிய, நிற்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

மகன் இயற்பியல் மாணவன். அவன் எனக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறார். ஆபத்தைக் கண்டு, மூளை உணர்ந்து, கை பிரேக்கை அழுத்த ஒரு நொடியேனும் ஆகும். அந்த 17 மீட்டரும் பிரேக் பிடிப்பதற்கு முன்பே போய்விடுகின்றன. பிடித்தபின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தொலைவோ, வேகம் இரு மடங்கானால் நான்கு மடங்காகிறது. மழைக்காலத்தில் இன்னும் மிகும். முன்செல்லும் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் மனத்துக்குள் இரண்டு நொடி எண்ணி, அதன்பின் நாம் அக்கம்பத்தைக் கடந்தால் இடைவெளி சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம். புதிதாக ஓட்டுபவர்க்கு இதைவிட எளிய அளவுகோல் வேறில்லை. மழையில் நான்கு நொடி எண்ணுக.

இடப்புறம் செல்வதா வலப்புறம் செல்வதா என்பதில் அறம் ஒன்றும் இல்லை. சுவீடன் நாட்டினர் நெடுங்காலம் இடப்புறம் ஓட்டி வந்து, 1967ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு நாடு முழுவதும் ஒருசேர வலப்புறத்துக்கு மாறினர். எப்பக்கம் என்பது அவர்களுக்கு மாறியது. எல்லாரும் ஒரே பக்கம் என்பது மாறவில்லை. முன்பின் அறியாத ஒருவர் இவ்வாறுதான் வருவார் என்று நாம் நம்புகிறோம். நம்மை அவரும் அவ்வாறே நம்புகிறார். அந்த நம்பிக்கையின்மேல்தான் ஒவ்வொருவரும் சாலையில் காலெடுத்து வைக்கிறார்கள். நம் வீடுகளில் வழங்கும் சொல்லால் கூறின் அது அமானிதம். எழுதப் படிக்கத் தெரியாத கீரைக்கார ஆயா அந்த அமானிதத்தைச் சரியாகப் பேணினார், வலப்புறம் பார்த்தார். பத்தாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற பையனும் எம்.ஃபில். பட்டம் பெற்ற அவன் தந்தையும் அதைச் சிதைத்தோம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம், எதிர்த்திசையில் ஓட்டுவதை ஆபத்தாக ஓட்டுதல் என்ற குற்றத்தில் பெயர் குறித்தே சேர்த்திருக்கிறது. ஓரமாகப் போகிறோம் என்பதற்கு அதில் விலக்கு ஏதுமில்லை.

வழிக்கும் உரிமைகள் உண்டு, அவற்றுள் ஒன்று பிறருக்குத் துன்பம் தராதிருத்தல் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை மேடைகளில் நானும் பேசியிருக்கிறேன். பேசிவிட்டு எதிர்த்திசையில் வண்டியோட்டி வீடு திரும்பியிருக்கிறேன்.

என் எம்.ஃபில். ஆய்வு அகநானூற்று முல்லைப் பாடல்களில் தேர் என்பதாகும். குறுங்குடி மருதனாரின் பாட்டொன்றில், வினைமுடித்துத் தலைவியைக் காண விரையும் தலைவன், பூவில் தேனுண்ணும் வண்டினம் அஞ்சிக் கலையுமே என்று தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். அவனுக்கு அவசரம் இல்லாமலில்லை. கார்காலம் வந்துவிட்டது, வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள். ஆய்வேட்டில் இதைப் பற்றிப் பல பக்கங்கள் எழுதினேன். ஆனால் மருத்துவமனையையும் பள்ளியையும் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம் என்று விதி இருப்பதையோ, அங்கே ஒலியெழுப்பக் கூடாது என்பதையோ நான் எண்ணிப் பார்த்ததில்லை. படூர்ச் சாலையில் சிவப்பு விளக்கு பச்சையாகும் அந்தக் கணத்திலேயே பின்னால் பத்து ஒலிப்பான்கள் முழங்குகின்றன. அப்பத்தில் ஒன்று என்னுடையதாக இருந்தது.

ஜமாஅத்துப் பெரியவர்கள் இம்மலரைப் படிப்பதுண்டு. ஆகையால் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். ரமலான் இரவுகளில் தராவீஹ் தொழுகை முடிந்ததும் நம் பிள்ளைகள் ஒரே வண்டியில் மூவராய்ச் சாலையில் பறக்கிறார்கள். வெள்ளைத் தொப்பி தலையில் இருக்கும்; தலைக்கவசம் இராது. ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவருக்கு மேல் அமரக் கூடாது. நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் தலைக்கவசமின்றி இருசக்கர வண்டியில் செல்லக் கூடாது. இவை சட்டம். பள்ளிவாசல் வாயிலில் நின்று எவர் பிள்ளை எந்த வண்டியில் வந்தது என்று பார்த்து, அந்தப் பிள்ளையின் அத்தாவிடம் சாவியைக் கேட்டால் போதும். பிள்ளையைக் கடிந்து பயனில்லை.

எங்கள் நிகழ்வு நேர்ந்த அந்த 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர் என்று ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்டது. விபத்துகளின் எண்ணிக்கையில் நம் தமிழ்நாடு முதலிடம், 64,105. உயிரிழந்தோர் 17,884. தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் நாடு முழுவதும் 50,000க்கு மேல். ஆயாவின் மணிக்கட்டு இக்கணக்கில் இல்லை. இவ்வாறு கணக்கில் சேராதவை எத்தனையோ ஊர்களில் எத்தனையோ இருக்கக் கூடும்.

இன்னொரு செய்தியும் பயன்படும். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக வழங்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று நம் செங்கல்பட்டு மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. அடிபட்டவரைத் தூக்கிச் சென்று மருத்துவமனையில் சேர்ப்பவர்மீது வழக்கோ, அவர் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமோ இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் 134அ பிரிவு அவர்களைக் காக்கிறது. ஆயா விழுந்தபோது சுற்றி நின்றவர் பலர். தூக்க முன்வந்தவர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரே. ‘போலீஸ் கேஸ் ஆகிவிடும்’ என்ற அச்சம் மற்றவர்களைத் தடுத்தது. அவ்வச்சத்துக்கு இடமில்லை என்பதை மாணவர்களாவது தத்தம் தெருவில் எடுத்துரைக்கலாம்.

2025ஆம் ஆண்டில் மகன் தேர்வு எழுதிப் பழகுநர் உரிமம் பெற்றான். சிவப்பு ‘எல்’ எழுத்தை ஒட்டிக்கொண்டு பழகினான். முப்பது நாள் கடந்து ஓட்டிக் காட்டி உரிமமும் பெற்றான். அட்டை வந்த மறுநாள் சாவியை நானே எடுத்துக் கொடுத்தேன். பின்னால் நானும் ஏறிக்கொண்டேன். இருவர் தலையிலும் கவசம். போகவேண்டியது அதே பால் கடை.

தெருமுனையில் இடப்புறம் திரும்பினான். கடை எதிரே தெரிந்தது. அதைக் கடந்து திரும்புமிடம் வரை சென்றான். வழியில் இருவர் எதிர்த்திசையில் வந்தனர். ஒருவர் எங்களை ஒதுங்கச் சொல்லி ஒலியெழுப்பினார். எனக்கு நாக்குத் துடித்தது. மகன் வேகத்தைக் குறைத்து ஒதுங்கினான். பால் வாங்கித் திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தருகே கூடையுடன் ஆயா நின்றிருந்தார். மகன் வண்டியை நிறுத்திக் கையால் சைகை காட்டினான். தலைக்கவசத்துக்குள் இருந்த எங்களை அவர் அடையாளம் கண்டாரா என்று தெரியவில்லை. வலப்புறம் பார்த்தார். பிறகு இடப்புறமும் பார்த்தார். மறுபடி ஒருமுறை இடப்புறம் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.